ரஷ்ய மொழி படித்தால் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாத்தா வாங்கிச் சேர்த்த சோவியத் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் படித்து வளர்ந்த ஆசையில் இரண்டரை ஆண்டுகளாக மாலை வகுப்பில் ரஷ்ய மொழி கற்று, பி1 என்ற இடைநிலையை முடித்திருக்கிறேன். ரஷ்ய மொழியிலோ, ரஷ்யா, மத்திய ஆசியா பற்றிய ஆய்விலோ முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியர் ஆக விரும்புகிறேன். ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் அப்பா, "பி.எட். முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுது, இந்த மொழிக்குச் சென்னையில் யார் சம்பளம் தருவார்கள்?" என்கிறார். மொழியைப் படிப்பதா, வரலாற்றைத் தொடர்வதா? தில்லிக்குப் போவதா, ரஷ்யாவுக்கே போவதா? போர் நடக்கும் காலத்தில் இந்தப் படிப்பு சரியா? நான் ரஷ்ய மொழியில் எழுதிய ஒரு பத்தியையும் இணைத்திருக்கிறேன். — வாசகி, அம்பத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தந்தையார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளிலேயே நேரானது அதுதான். சென்னையில் ரஷ்ய மொழி கற்பிப்பதற்காக மாதச் சம்பளம் தரும் நிரந்தரப் பதவி ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ணி இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்கு அடுத்து இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகியவற்றுக்கு இருக்கும் இடம் ரஷ்ய மொழிக்குக் கிடைத்ததில்லை. வேலைவாய்ப்பைக் காட்டி மாணவர்களை ஈர்க்கும் மொழி வகுப்புகளில் இன்று ஜெர்மனும் ஜப்பானியமும் முன்னால் நிற்கின்றன. ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருக்கும் ரஷ்யக் கலாச்சார மையத்தின் மாலை வகுப்புகளைப் போன்றவை மொழியைக் கற்க நல்ல இடங்களே தவிர, ஒருவருக்கு முப்பது ஆண்டுப் பணிவாழ்க்கையைத் தரக்கூடிய இடங்கள் அல்ல.

இதை ஓரளவு பட்டும் தெரிந்துகொண்டவன் நான். 1980-களின் நடுவில் நான் மாணவனாக இருந்தபோது ரஷ்ய வகுப்பில் இடம் கிடைப்பதே பாடாக இருந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. நான் பகுதிநேரமாகப் பாடம் எடுத்த ஒரு கல்லூரி, அடுத்த மூன்று பருவங்களுக்குள் அந்த வகுப்பை மூடிவிட்டது. அதன் பெயர் இங்கே வேண்டாம். கடைசி நான்கு மாத ஊதியம் அவர்களிடமே இருக்கிறது, நானும் கேட்பதை விட்டு வெகுகாலமாகிறது. மொழி அப்படியே இருந்தது, அதைப் பேசும் மக்களும் இருந்தார்கள், அரசு மட்டும் மாறியதற்கு வகுப்பு காலியானது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

பின்னர்தான் இத்துறையின் பிறவிக்குணமே அது என்று புரிந்தது. 1957-இல் சோவியத்தின் ஸ்புட்னிக் விண்ணில் சுற்றியது. மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, ரஷ்யம் உள்ளிட்ட மொழிகளுக்கும் பிராந்திய ஆய்வு மையங்களுக்கும் பணத்தைக் கொட்டியது. இந்தியாவில் 1965-இல் சோவியத் ஒத்துழைப்போடு தில்லியில் தொடங்கிய ரஷ்ய ஆய்வு நிறுவனம், பிற்பாடு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பகுதியாகியது. எதிரியை அறிவதற்காக அங்கே, நண்பனை அறிவதற்காக இங்கே, இரண்டு இடத்திலும் அரசியல்தான் இத்துறைக்குச் சோறு போட்டது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சர்வதேச அரசியல் சார்ந்த ஒரு பாடத்தின் நீளமான பெயருக்குள், அந்த நாடு மறைந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பிறகும் 'சோவியத் ஆய்வுகள்' என்ற சொற்கள் இடம்பெற்று வந்ததைப் பார்த்து நாங்கள் சிரிப்பதுண்டு. சிரிப்புக்கு அடியில் ஒரு செய்தியும் இருக்கிறது. அரசியல் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் பிழைத்திருக்கும்படி உங்கள் படிப்பை நீங்கள்தான் அமைத்துக்கொள்ள வேண்டும், துறை அதைச் செய்து தராது.

ஆகவே 'மொழியா, வரலாறா' என்ற கேள்விக்கு என் விடை: வரலாற்றை விடாதீர்கள். ரஷ்ய மொழியில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர், ரஷ்யத் துறை இருக்கும் இடத்தில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இந்தியாவில் அத்தகைய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஜே.என்.யூ., ரஷ்யம், போலந்து மொழி போன்ற பல ஸ்லாவிய மொழிகளையும் ஹங்கேரியத்தையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் தில்லிப் பல்கலைக்கழகத் துறை, ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம், மும்பை, திருவனந்தபுரம், இன்னும் சில. அவற்றில் ஒரு பதவி காலியானால், பள்ளி முடித்தவுடனேயே மொழியில் இளங்கலை சேர்ந்து பத்து ஆண்டுகள் அதிலேயே ஊறியவர்களோடு நீங்கள் போட்டியிட வேண்டும். வரலாற்றில் பட்டம் பெற்று, மூல ஆவணங்களை ரஷ்ய மொழியிலேயே படிக்கத் தெரிந்தவரோ, நாட்டின் எந்த வரலாற்றுத் துறைக்கும் சர்வதேச ஆய்வுத் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த வரிசையில் நிற்பவர்களில் ரஷ்யம் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இங்கே பிராந்திய ஆய்வு என்ற பெயரில் வெளிவரும் கட்டுரைகளில் பலவும், அந்தப் பிராந்தியத்து மொழி ஒன்றையும் அறியாமல், ஆங்கிலச் செய்திகளையும் ஆங்கில நூல்களையும் வைத்தே எழுதப்படுகின்றன என்பது வெளியே அதிகம் பேசப்படாத உண்மை. தமிழ் தெரியாமல் தமிழக அரசியலைப் பற்றித் தில்லியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்து நமக்கு வரும் எரிச்சலை நினைத்துக்கொள்ளுங்கள், மத்திய ஆசியர்களுக்கும் உக்ரேனியர்களுக்கும் நம்மைப் பார்த்து அதே எரிச்சல்தான் வரும்.

இந்த ஒப்புமையை இன்னும் கொஞ்சம் நீட்ட விரும்புகிறேன், ஏனென்றால் போரைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யா உக்ரேன்மீது முழு அளவில் படையெடுத்தபின், இத்துறை தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, உக்ரேனின் கீவ், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், ஜார்ஜியாவின் திபிலிசி எல்லாவற்றையும் படித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தோமே என்ற கேள்வி அது. இத்துறை அறிஞர்களின் பெரிய அமெரிக்கச் சங்கம் 2023-ஆம் ஆண்டு மாநாட்டின் பொதுப்பொருளாகக் 'காலனிய நீக்கம்' என்பதையே வைத்தது. இந்தியை மட்டும் படித்துவிட்டு இந்தியாவைப் படித்தேன் என்று ஒருவர் சொன்னால் அதிலுள்ள பிழை எங்கே இருக்கிறது என்று தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே கண்ணோடு அந்த நிலப்பரப்பைப் பார்க்க உங்களால் முடியும், அது உங்களுக்கு வீட்டிலிருந்தே கிடைத்த பயிற்சி.

போர் நடக்கிறது என்பதற்காக ரஷ்ய மொழியைப் படிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரஷ்ய மொழியோடு நின்றுவிடுவது இன்று போதாது, அறிவு சார்ந்தும் போதாது, வேலை சார்ந்தும் போதாது. இரண்டாவதாக அந்தப் பிராந்தியத்து மொழி ஒன்றை நீங்கள் எடுத்தாக வேண்டும். பலரும் போலந்து மொழியையோ உக்ரேனிய மொழியையோ சொல்வார்கள், ரஷ்யம் தெரிந்தவருக்கு அவை எளிதாகப் படியும் என்பதும் மெய்தான். நான் உங்களுக்கு உஸ்பெக் அல்லது கசாக் மொழியைப் பரிந்துரைக்கிறேன். இவை துருக்கிய மொழிகள், ஸ்லாவிய மொழிகள் அல்ல. தமிழைப் போலவே ஒட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லைக் கட்டுபவை, வினையை வாக்கியத்தின் இறுதியில் வைப்பவை. உஸ்பெக்கில் 'உய்' என்றால் வீடு, அதோடு பன்மைக்கு 'லார்', எங்களுடைய என்பதற்கு 'இமிஸ்', இல் என்பதற்கு 'தா' என்று வரிசையாகச் சேர்த்தால் 'எங்கள் வீடுகளில்' என்பது ஒரே சொல்லாக முடிந்துவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இந்த அடுக்கு பழக நாளாகும், உங்களுக்கு அது கைவந்த வழக்கம். இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை, துருக்கியம் உள்ளிட்ட, அன்று 'சித்திய' எனப்பட்ட மொழிகளோடு உறவுபடுத்தினார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை, ஆனால் வகுப்பறையில் ஒரு தமிழ் மாணவிக்கு அதனால் கிடைக்கும் வசதியை யாரும் மறுக்க முடியாது.

ரஷ்ய மொழியிலும் உங்களுக்கு உள்ள வசதிகள் சிறியவை அல்ல. ஆறு வேற்றுமைகளைக் கண்டு ஆங்கிலம் பேசுவோர் மிரளும் இடத்தில், எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே ஒப்பித்தவர் நீங்கள். 'அவன் மாணவன்' என்று வினையே இல்லாமல் நாம் சொல்வதைப் போலவே அவர்களும் சொல்கிறார்கள். 'பால் குடித்தாள்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லும் நாம் 'தம்பியை அழைத்தாள்' என்னும்போது அதை விட முடியாதல்லவா, அதற்குக் கிட்டத்தட்ட இணையாக ரஷ்யத்திலும் செயப்படுபொருள் உயிருள்ளதா உயிரற்றதா என்பதைப் பொறுத்து வேற்றுமை வடிவம் மாறுகிறது. அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ரஷ்யத்தில் பணிசெய்யும் அளவுக்குத் தேர ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிநேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. மாலை வகுப்பில் வாரம் நான்கு மணி என்று போனால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு பி1 போதாது. எம்.ஏ. முடியும்போது பி2, முனைவர் பட்ட ஆய்வு தொடங்கும்போது அதற்கும் மேலே என்று வைத்துக்கொண்டால் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்ட முடியும்.

இனி பணக்கணக்கு. இதை உங்கள் தந்தையாரும் படிக்கட்டும். எம்.ஏ.வுக்குப் பின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் நடப்பில் உள்ள வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், தகுதி உயர்ந்தபின் 42,000 ரூபாயும், மொத்தத்தில் ஐந்து ஆண்டுகள் வரை வரும். பொதுவான வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. இந்தத் தேர்வை நீங்கள் வரலாற்றிலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து, ரஷ்ய மொழிக்கும் தனி நெட் தாள் இருக்கிறது என்றாலும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய். இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முனைவர் பட்டம் வாங்கியவர் நிரந்தரப் பணிக்குப் போவதற்கு முன் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் தள்ள வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் அதற்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வகுத்தது. அதிகபட்சம் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள், பல இடங்களில் கையில் வருவது அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இன்று 21 வயதில் இருக்கும் நீங்கள் நிரந்தரப் பணியில் உட்காரும்போது வயது 32, 33 ஆகியிருந்தால் அதைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த இடைவெளியைக் கடக்கத்தான் மொழி உங்களுக்குப் பயன்படும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தாகி, முதல் இரண்டு உலைகள் 2010-களில் இயங்கத் தொடங்கின, அதே வளாகத்தில் மேலும் நான்கு உலைகளுக்கான பணி நடக்கிறது. தந்தையார் இருக்கும் ஆவடியில் டி-72, டி-90 பீரங்கி வண்டிகள் ரஷ்ய வடிவமைப்பில் செய்யப்பட்டவை. சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையே கடல்வழி ஒன்றைத் திறப்பதற்கு 2019-இல் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன, தூரம் ஏறத்தாழ 5,600 கடல் மைல். மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லும் தமிழ் மாணவர்களின் சான்றிதழ்கள் வேறு. இவை எல்லாவற்றுக்கும் தாள்கள் இருக்கின்றன, தாள்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். 'இந்த மொழிக்கு யார் சம்பளம் தருவார்கள்' என்று கேட்கும் உங்கள் தந்தையாரின் தொழிற்சாலை அலமாரியிலேயே ரஷ்யக் கையேடு இருந்தால் நான் வியப்படையமாட்டேன். தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு மாற்று ஆகாது, நாளெல்லாம் வால்வுகளின் பெயர்களைப் பெயர்த்துவிட்டு இரவில் ஆய்வேடு எழுதுவது எளிதும் அல்ல. ஆயினும் கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தை மட்டும் நம்பிய என் நண்பர்களில் சிலர் நாற்பது வயதுக்கு முன்பே துறையை விட்டுப் போனதையும், பக்கத்தில் மொழிபெயர்ப்பு வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்ததையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கே படிப்பது என்பதற்கு வருகிறேன். எம்.ஏ.வுக்கு நல்ல வரலாற்றுத் துறை ஒன்றில் சேருங்கள். தில்லி கிடைத்தால் தில்லி, ஏனென்றால் அங்கே ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுப் பள்ளியில் ரஷ்யாவுக்கும் மத்திய ஆசியாவுக்குமான தனி மையமும், மொழிப் பள்ளியில் ரஷ்ய ஆய்வு மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, வரலாற்று மாணவி இரண்டிலும் போய் உட்காரலாம். மும்பைப் பல்கலைக்கழகத்தில் மத்திய யூரேசிய ஆய்வு மையமும், ஸ்ரீநகரில் காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்தின் மத்திய ஆசிய ஆய்வு மையமும் இருப்பதை நம்மூரில் பலர் அறிந்திருப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு அவற்றையும் மனத்தில் வையுங்கள்.

வெளிநாடு என்றால் ஒரே ஒரு விதி: முழு உதவித்தொகை இல்லாமல் போகாதீர்கள். இந்தத் துறையில் கடன் வாங்கிப் படித்து அடைத்தவர்கள் அபூர்வம், வீட்டை அடமானம் வைத்து எம்.ஏ. முடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்துவிட்டேன். ஐரோப்பாவில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய, ரஷ்ய, யூரேசிய ஆய்வு முதுகலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முந்துஸ் உதவித்தொகை கிடைப்பவர்களுக்கு மாதம் 1,400 யூரோ. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் மாணவர்களுக்குக் கல்விக்கட்டணத்தை விலக்கி, பெரும்பாலும் முதலாண்டு ரஷ்ய வகுப்பு எடுக்கவைத்து, ஐந்தாறு ஆண்டுகள் உதவித்தொகை தரும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் மத்திய யூரேசியாவுக்கென்றே ஒரு துறை உண்டு, அங்கே கோடைக்கால மொழிப் பயிலரங்கும் பேர்பெற்றது. ஆனால் அங்குள்ள அரசு மொழி உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. ஸ்லாவியத் துறைகள் ஜெர்மன் துறைகளோடும் பிறவற்றோடும் இணைக்கப்பட்டு வருவதால் படித்து முடித்தபின் அங்கேயே வேலை என்ற கனவையும் அளவாக வையுங்கள். யாரும் அதிகம் நினைக்காத திசை ஒன்றும் சொல்கிறேன்: ஜப்பானில் சப்போரோ நகரின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஸ்லாவிய-யூரேசிய ஆய்வு மையம், கசாக்ஸ்தானில் அஸ்தானா நகரின் நசர்பாயெவ் பல்கலைக்கழகம். ஆசியாவிலிருந்து ஆசியாவைப் பார்க்கும் கோணம் வேண்டுமென்றால் இவை பொருந்தும், கசாக் மொழியைக் கசாக்ஸ்தானிலேயே கற்பதும் நடக்கும்.

ரஷ்யாவுக்கே போகலாமா என்றால், போகலாம், ஆனால் முழுப் பட்டத்துக்காக இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ரஷ்ய அரசு இந்திய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இடங்களை ஒதுக்குகிறது, கலாச்சார மையத்தில் விவரம் கிடைக்கும். கல்விக்கட்டணம் இராது, கைக்குக் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. அவர்களுடைய 'கந்திதாத் நவுக்' பட்டத்தை இங்கே முனைவர் பட்டத்துக்கு இணையாக ஏற்கும் வழக்கம் உண்டு, அதற்கான சமமதிப்புச் சான்றுக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்கும். 2022 மார்ச் முதல் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் அங்கே சேவையை நிறுத்திவிட்டதால், இங்கிருந்து கொண்டுபோகும் வங்கி அட்டை அங்கே வேலை செய்யாது என்ற சிறிய விவரம் பெரிய சங்கடமாகிவிடும். இவற்றைவிட என்னைத் தயங்கவைப்பது வேறு. போரைப் பற்றிச் சுதந்திரமாக எழுத முடியாத சூழலில் சமகால வரலாற்றுக்கான ஆய்வேட்டை எழுதுவது எப்படி என்பதே அந்தத் தயக்கம். மொழிக்காகவும் காப்பகங்களுக்காகவும் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று போய்வாருங்கள். மேற்கத்திய ஆய்வாளர்கள் பலருக்கு இன்று அடைபட்டுப்போன அந்தக் கதவு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இன்னும் திறந்தே இருக்கிறது என்பதையும், அந்தத் திறப்பை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கடைசியாக, ஆனால் என் மனத்தில் முதலாவதாக, ஆய்வுப்பொருள். 'புதின் காலத்து ரஷ்ய வெளியுறவுக் கொள்கை' என்பது போன்ற தலைப்போடு நீங்கள் விண்ணப்பித்தால், வாஷிங்டனிலும் லண்டனிலும் உள்ள நூறு பேருக்குப் பின்னால் நூற்றியோராவது ஆளாக நிற்பீர்கள். சென்னையில் பிறந்து தமிழும் ரஷ்யமும் தெரிந்தவரால் மட்டுமே எழுதக்கூடியதை எழுதுங்கள், அது இங்கே குவிந்து கிடக்கிறது. ரஷ்ய இசைக்கலைஞர் கெராசிம் லெபெதெவ் 1785-இல் சென்னையில்தான் வந்து இறங்கினார், கல்கத்தாவுக்குப் போகும் முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். பாரிமுனைப் பக்கம் போகும்போது நாம் 'அரண்மனைக்காரத் தெரு' என்று சொல்லும் தெருவின் பெயருக்கும் அரண்மனைக்கும் தொடர்பு ஏதும் இல்லை, 'ஆர்மீனியன்' என்பது நம் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது இந்த நகரத்தில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் அந்தத் தெருத் தேவாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். யூரேசிய ஆய்வு என்று நாம் பெயர் சூட்டி எங்கோ தேடுவது, உயர்நீதிமன்றத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு, அங்குள்ளவர்கள் தமிழைப் படித்த கதை அது. லெனின்கிராடில் மெர்வார்த் 1929-இல் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை வெளியிட்டார். 1960-இல் பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தமிழ்–ரஷ்ய அகராதியைக் கொண்டுவந்தார்கள். அந்திரோனவ் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1969-இல் சென்னை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிராகாவில் கமில் சுவலபில் தமிழியலை வளர்த்து, 1968-க்குப் பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்த துபியான்ஸ்கி 2020-இல் கொரோனாவில் காலமானார். இவர்கள் தமிழைப் பற்றி ரஷ்யத்திலும் செக்கிலும் எழுதியவற்றில் பெரும்பகுதியைத் தமிழர்கள் படித்ததே இல்லை, படிக்கக்கூடிய தமிழர்கள் மிகக் குறைவு என்பதுதான் காரணம். இதோடு சோவியத் நூல்கள் தமிழில் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன, மாஸ்கோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழர்கள் எந்தச் சொற்களைப் படைத்தார்கள், அவை எந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன என்ற கேள்விகளையும் சேர்த்தால், தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் தொடங்கி மாஸ்கோ காப்பகத்தில் முடியும் ஓர் ஆய்வேடு உருவாகிவிடும். பனிப்போர்க் காலத்துப் பண்பாட்டு வரலாற்றில் இன்று உலகெங்கும் ஆர்வம் இருக்கிறது, அதில் தென்னிந்திய மொழிகளின் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது.

எனவே இந்த விடுமுறையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பகம், ஆண்டு, விலை, மொழிபெயர்ப்பாளர், ரஷ்யத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்ததா ஆங்கிலம் வழியாகவா, முன்பக்கத்தில் எழுதப்பட்ட பெயரோ கடை முத்திரையோ உண்டா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய ஆய்வுத்திட்டத்தின் முதல் இரண்டு பக்கங்கள் அந்த நோட்டிலிருந்து கிடைக்கும். பி.எட். பற்றித் தந்தையாரிடம் சண்டையிட வேண்டாம். எம்.ஏ. முடிந்ததும் இரண்டு ஆண்டுகளில் ஜே.ஆர்.எஃப். வராவிட்டால் பி.எட். சேர்கிறேன் என்று ஒரு காலக்கெடுவை நீங்களே சொல்லிவிடுங்கள், வரலாற்று எம்.ஏ. அதற்கும் உதவும்.

நீங்கள் இணைத்திருந்த ரஷ்யப் பத்தியைப் படித்தேன். வேற்றுமையில் பிழை இல்லை. வினையில் மூன்று இடங்களில் தவறியிருக்கிறீர்கள், மூன்றும் ஒரே தவறு. 'நேற்று அந்தக் கதையை முடித்தேன், பிறகு தூங்கினேன்' என்ற பொருளில் எழுத நினைத்து 'சிதாலா' என்று போட்டிருக்கிறீர்கள். அது படித்துக்கொண்டிருந்தேன் என்பதோடு நின்றுவிடும், கதை முடிந்ததா என்று சொல்லாது. அங்கே 'பரச்சிதாலா' வர வேண்டும். 'படித்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் நம் காதில் கேட்கும் வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் பத்தில் ஏழு இடங்களில் சரியாக வந்துவிடும். மீதி மூன்றுக்குத்தான் ஆசிரியர் வேண்டும், அடுத்த வகுப்பில் அவற்றைக் கேளுங்கள்.